பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 25,000 முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

நாகலூரான்

எல்லோருக்கும் வணக்கம். தங்கை இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான். உயிரியல் 82, இயற்பியல் 68, வேதியியல் 71. எங்களிடம் இருப்பது எஸ்டி மலையாளி (மலைவாழ் பழங்குடி) சான்று. அப்பாவின் வருமானச் சான்று 1,20,000-க்கு இருக்கிறது.

சேலம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் ஏற்காட்டுக்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். வருஷக் கட்டணம் 85,000, ஹாஸ்டல் சாப்பாட்டோடு 60,000. மூணு வருஷப் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், நாலு வருஷத்துக்கும் இதே தொகைதானாம். இந்த வாரத்துக்குள் 25,000 கட்டி, டிசியையும் மார்க் ஷீட்டையும் கொடுத்தால்தான் சீட் என்கிறார். மீதிக்கு வங்கிக் கடன். முடித்த உடனே 40,000 சம்பளமாம், பிறகு சொந்தமாக ஸ்கேன் சென்டரே வைக்கலாமாம்.

போட்ட பணம் திரும்புமா? இதைவிட வேறு நல்ல படிப்பு உண்டா? இல்லை, ரெண்டு வருஷ டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படித்துவிட்டு வேலைக்குப் போவது மேலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

தம்பி, பணம் கட்டாதீங்க. டிசியைக் கண்டிப்பாகக் கொடுக்காதீங்க. சான்றிதழ் ஒரிஜினல் அவர்கள் பீரோவுக்குள் போய்விட்டால், கவுன்சலிங்கில் நல்ல சீட் வந்தாலும் சரிபார்ப்புக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதற்காகத்தான் அவசரப்படுத்துகிறார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயத்தை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிற எஸ்டி மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. கவுன்சலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும், அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு அது வரும். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் வராது. அதே கல்லூரி, அதே வகுப்பு, பக்கத்து பெஞ்ச். ஒருத்தி கிட்டத்தட்ட இலவசமாகப் படிப்பாள், இன்னொருத்தி கடன்காரியாக வெளியே வருவாள். படிப்பின் பெயரைவிட எந்த வழியில் சீட் வாங்கினீர்கள் என்பதுதான் உங்கள் வீட்டுக் கணக்கைத் தீர்மானிக்கும்.

ஏஜென்ட் சொன்ன தொகையையே எடுத்துக்கொள்வோம். கட்டணமும் ஹாஸ்டலும் வருஷத்துக்கு 1,45,000, நாலு வருஷத்துக்கு 5,80,000. தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், ரெகார்ட் நோட்டு, மருத்துவமனைப் பயிற்சிக்கு (போஸ்டிங்) போக பஸ், தடுப்பூசி என்று வருஷத்துக்குக் குறைந்தது 12,000 வைத்தால் மொத்தம் 6,28,000.

கடன் 4 லட்சம் என்று வையுங்கள். அதுவரைக்கும் அடமானமோ மார்ஜின் பணமோ (நம் பங்காகப் போட வேண்டிய தொகை) கேட்பதில்லை. வருஷத்துக்கு ஒரு லட்சமாகக் கல்லூரிக்குப் போகும். வட்டி 10 சதவீதம், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000, அடுத்ததுக்கு 40,000, பிறகு 30,000, 20,000. தனிவட்டியாகவே 1,40,000 ஏறி, தவணை தொடங்கும் அன்று கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 7,136. முடிக்கும்போது வங்கிக்கு மட்டும் 8,56,000 போயிருக்கும். கைக்காசு 2,28,000-ஐச் சேர்த்தால் பத்தே முக்கால் லட்சத்தைத் தாண்டும்.

வரவு பக்கம் பாருங்கள். சேலத்தில் தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் டெக்னீஷியனுக்குப் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் பேசுவார்கள். 40,000 என்பது சில வருஷம் கேத் லேபில் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் கூடம்) நின்று கை பழகியவர்கள் பெரிய ஊர்களில் வாங்குகிற தொகை. 15,000-இல் அடிப்படைச் சம்பளம் 9,000 என்று போட்டால் பிஎஃப் 12 சதவீதம் 1,080, இஎஸ்ஐ முக்கால் சதவீதம் 113. கைக்கு வருவது 13,807. டவுனில் ரூம், சாப்பாடு எல்லாம் 6,500-க்குள் முடித்தாலும், தவணை போக மாசக் கடைசியில் மிஞ்சுவது 171 ரூபாய்.

சம்பளம் பேசும்போது சிடிசியில் (நமக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) முதலாளி பங்கு பிஎஃப்பையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். 18,000 என்று சொல்லிவிட்டு 14,500-தான் கையில் தருவது சாதாரணமாக நடக்கிறது.

கேத்லேப் கதவு

கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது சரிங்க. நான் வேலைப் பக்கம் மட்டும் சொல்றேன்.

ஸ்கேன் சென்டர் கதை முழுப் பொய். அல்ட்ராசவுண்ட் 1994-ஆம் வருஷ பிசிபிஎன்டிடி சட்டத்துக்குள்ள (கருவோட பாலினத்தைக் கண்டறியறதைத் தடுக்கிற சட்டம்) வருது. பதிவு செஞ்ச இடம், தகுதியுள்ள டாக்டர் ரெண்டும் வேணும். டெக்னீஷியன் மெஷின் வாங்கி வெச்சு தானே பார்க்க முடியாது. எக்கோவை (இதய ஸ்கேன்) டெக்னீஷியன் எடுக்கலாம், ரிப்போர்ட்ல கையெழுத்து கார்டியாலஜிஸ்டோடது.

கார்டியாக் டெக்னாலஜி மோசமான படிப்பு இல்ல. இசிஜி, டிஎம்டி (நடக்க வெச்சு எடுக்கிற இசிஜி), ஹோல்டர் (ஒரு நாள் முழுக்க உடம்புல மாட்டி எடுக்கிற இசிஜி), எக்கோ, கேத் லேப், அஞ்சும் கையில வரணும். எக்கோவும் கேத் லேபும் வந்தாத்தான் சம்பளம் ஏறும். வெறும் இசிஜி மட்டும் தெரிஞ்சு வெளிய வந்தா பட்டத்துக்கும் ஆறு மாச கோர்ஸுக்கும் வித்தியாசம் இருக்காது. அந்த இசிஜியிலயே எத்தனை பேர் தப்பு பண்றாங்க தெரியுமா? வி1, வி2-ங்கிற லீடு ரெண்டையும் நெஞ்செலும்பு ரெண்டு ஓரத்துலயும் நாலாவது விலா இடைவெளியில வைக்கணும். விலாவை விரலால எண்ணிப் பார்க்காம, கண் அளவுல ரெண்டாவது இடைவெளியில ஒட்டிட்டா ஆர் அலை சின்னதாயிடும், பழைய அட்டாக் மாதிரி தெரியும். நல்லா இருக்கிற ஆளை ஐசியூவுல படுக்க வெச்சுடுவாங்க. இது புத்தகத்துல ஒரு வரிதான். தினமும் இருபது பேருக்கு எடுக்கிற இடத்துல நின்னாத்தான் கைக்கு வரும்.

அதனால கல்லூரியைப் பார்க்கப் போறப்ப கட்டடத்தைப் பார்க்காதீங்க. இன்டர்ன்ஷிப் எந்த மருத்துவமனைன்னு கேளுங்க, வேலை நாள் காலையில பத்து மணிக்கு அங்க போய் ஓபி வாசல்ல ஒரு மணி நேரம் உட்காருங்க. சொந்த கேத் லேப் ஓடுதா, இல்ல வேற ஆஸ்பத்திரியோட ஒப்பந்தம்னு பேப்பர்ல மட்டும் இருக்கா? ஒரு நாளைக்கு எத்தனை எக்கோ? மாணவங்க எக்கோ மெஷினோட புரோப்பைக் கையில பிடிக்கிறாங்களா, பின்னால நின்னு வேடிக்கை பார்க்கிறாங்களா? போன வருஷம் முடிச்சவங்க மூணு பேர் எங்க வேலை பார்க்கிறாங்கன்னு கேட்டு, அவங்ககிட்டயே போன்ல பேசுங்க. நம்பர் தரத் தயங்கினா அதுலயே பதில் இருக்கு. இன்டர்ன்ஷிப் வருஷத்துக்கும் முழுக் கட்டணமா, ஸ்டைபண்ட் ஏதாவது உண்டான்னு எழுதி வாங்குங்க. உங்க ஏஜென்ட் நாலு வருஷமும் 85,000-னு சொல்றாரு. அதாவது பாப்பா முழு நேரம் ஆஸ்பத்திரி வேலை செய்யற வருஷத்துக்கும் நீங்கதான் காசு கட்டறீங்க.

இன்னொண்ணு. ஹார்ட் அட்டாக்னு வர்ற கேஸுக்கு வந்ததுல இருந்து தொண்ணூறு நிமிஷத்துக்குள்ள அடைப்பை எடுக்க பலூன் போடணும்ங்கிறது கணக்கு. கேத் லேப்ல இருக்கிறவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் வரும். ஏற்காட்டுல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து இந்த வேலை பார்க்க முடியாது. சேலத்துல ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கற செலவைக் கணக்குல சேர்த்துக்குங்க. ரேடியேஷன் இருக்கிற இடம், உடம்புல படற கதிர்வீச்சை அளக்கிற டிஎல்டி பேட்ஜை நிர்வாகம்தான் தரணும், அதுக்குச் சம்பளத்துல பிடிக்கக் கூடாது. கிளினிக்கல் போஸ்டிங் போறதுக்கு முன்னாடியே ஹெபடைட்டிஸ் பி ஊசி போடணும். 0, 1, 6 மாசம், மொத்தம் மூணு. முதல் வருஷத்துலயே ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்.

அஸ்தம்பட்டி லேப்

நாலு வருஷம் எதுக்கு? டிஎம்எல்டி ரெண்டே வருஷம். பட்டம் படிக்கிறவர் வெளியே வருவதற்குள் இவர் ரெண்டு வருஷம் சம்பாதித்திருப்பார். மாதம் 11,000 என்றாலே 2,64,000. தனியார் லேபில் ரெண்டு பேருக்கும் தொடக்கச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, ரத்தம் எடுக்கிற கை நிதானமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மாநில அரசு வேலை அறிவிக்கைகளிலும் பல பணிகளுக்குப் பட்டயம், சான்றிதழ் படிப்பைத்தான் தகுதியாகப் போடுகிறார்கள். பி.எஸ்சி. வைத்திருந்து விண்ணப்பம் தள்ளுபடி ஆனவர்களும் உண்டு. வீட்டு நிலைமையைப் பார்த்தால் டிஎம்எல்டிதான் சரி.

செவ்வாய்ப்பேட்டை

லேப் அண்ணே, நீங்க சொல்வது தனியார் லேபுக்குப் பொருந்தும். ரயில்வேக்குப் பொருந்தாது. சேலமே 2007-லிருந்து ஒரு ரயில்வே கோட்டம். ஆர்ஆர்பி (ரயில்வே பணியாளர் தேர்வு வாரியம்) பாராமெடிக்கல் 2024 அறிவிக்கையில் இருக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். டிஎம்எல்டி உள்ளவர் போகக்கூடிய லேப் அசிஸ்டென்ட் 21,700. பட்டம் கேட்கிற லேப் சூப்பரின்டென்டென்ட் 35,400. அடிப்படையில் மட்டும் மாதம் 13,700 வித்தியாசம், அதன் மேல்தான் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் ஏறும். உங்கள் 2,64,000 இருபதே மாதத்தில் கரைந்துவிடும்.

அதே அறிவிக்கையில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் 44,900, டயாலிசிஸ் டெக்னீஷியனும் பிசியோதெரபிஸ்டும் 35,400, ரேடியோகிராஃபரும் ஃபார்மசிஸ்டும் 29,200, இசிஜி டெக்னீஷியன் 25,500.  தேர்வு 100 கேள்வி, 90 நிமிஷம், அதில் 70 தொழில் பாடம். தமிழிலும் எழுதலாம், ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போகும். பணியிடங்கள் குறைவு, எழுதுகிறவர்கள் அதிகம். கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள், கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகுதி விஷயத்தில் அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு என்பது அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறும். சேர்வதற்கு முன்னாலேயே ஆர்ஆர்பி, எம்ஆர்பி (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) இரண்டின் கடைசி அறிவிக்கைகளை இறக்கி, தகுதிப் பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். அரை நாள் வேலை.

சொந்த லேப் வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட டாக்டர் ஒருவருக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நாகலூரான்

எல்லோருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டோம். கவுன்சலிங்குக்கு இந்த மார்க் போதுமா? என்னென்ன தாள் வேண்டும்? நர்சிங் பற்றி யாரும் சொல்லவில்லையே.

அம்மாபேட்டை சிஸ்டர்

நாகலூர்த் தம்பி, கட் ஆஃப் 200-க்குப் போடுவாங்க. உயிரியல் அப்படியே 82, இயற்பியலில் பாதி 34, வேதியியலில் பாதி 35.5. ஆக 151.5. பொதுப் பட்டியலைப் பார்த்து பயப்பட வேண்டாம், எஸ்டிக்குத் தனி ரேங்க் வரும். ஒதுக்கீடு 1 சதவீதம்தான், சீட் கொஞ்சம்தான். ஆனால் விண்ணப்பிக்கிறவர்களும் கொஞ்சம்தான். மலையிலிருந்து பல பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் ஏஜென்ட் கையில் விழுந்துவிடுகிறார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கவுன்சலிங்கை நடத்துவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத் தேர்வுக் குழு. விண்ணப்பம் இணையத்தில்தான். நர்சிங், பி.ஃபார்ம், மற்ற பி.எஸ்சி. துணை மருத்துவப் படிப்புகள் எல்லாம் அதில் வரும். விதி வருஷா வருஷம் கொஞ்சம் மாறும், இந்த வருஷத் தகவல் கையேட்டை முதலில் படியுங்க. எஸ்டி சான்று ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தருவது. பெயர் எழுத்து, இனிஷியல் எல்லாம் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகணும். ஒரு புள்ளி மாறினாலும் சரிபார்ப்பில் நிறுத்துவாங்க, திருத்தி வாங்க வாரக் கணக்கில் ஆகும். வருமானச் சான்று ஏற்காடு தாசில்தாரிடம், இந்த வருஷத் தேதியோடு. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவையில் போட்டுவிடுங்க. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் சான்று வேணும். அது இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. ஹாஸ்டலுக்கு அரசின் சமூகநீதி விடுதி, அங்கே தங்குவதும் சாப்பாடும் இலவசம். ஆக ஏஜென்ட் சொன்ன 60,000-மும் இல்லை.

உதவித்தொகை தடுக்கிற இடம் ஒன்றுதான். பாப்பா பெயரில் தனிக் கணக்கு இருக்கணும், அந்தக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கணும். பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கும். வங்கியில் போய், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் இணைந்திருக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்க. கேஒய்சி மட்டும் முடித்துவிட்டு ஆச்சு என்று அனுப்பிவிடுவாங்க. பணம் தாமதமாகவும் வரும், அதனால் முதல் பருவத்துக்குக் கையில் பத்து, பதினைந்தாயிரம் வைத்திருப்பது நல்லது.

நர்சிங் நாலு வருஷம். தனியாரில் தொடக்கச் சம்பளம் இங்கேயும் குறைவுதான், ராத்திரி டூட்டி உண்டு. ஆனால் வேலை கிடைக்காமல் வீட்டில் உட்காரும் நிலை மற்றப் படிப்புகளைவிடக் குறைவு, ஏனென்றால் இருபது படுக்கை மருத்துவமனைக்கும் நர்ஸ் வேணும். கேத் லேப் ஆள் அங்கே வேண்டியதில்லை. பெர்ஃப்யூஷன் (ஆபரேஷன் நேரத்தில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது) மாதிரிப் படிப்பு இன்னும் குறுகல், இதய அறுவை சிகிச்சை நடக்கிற ஊரில்தான் வேலை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தொடக்க அடிப்படை 44,900, நார்செட் என்ற தேர்வு. வெளிநாடும் நர்சிங்குக்குத் திறந்த கதவு. வளைகுடாவுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம், உரிமத் தேர்வு, டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு. பிரிட்டனுக்கு ஐஇஎல்டிஎஸ் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 நிலை. டேட்டாஃப்ளோவில் பட்டம், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று எல்லாவற்றையும் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்பாங்க. சம்பளச் சீட்டு, நியமன ஆணை கொடுக்காத சின்ன மருத்துவமனையில் ரெண்டு வருஷம் உழைத்தால் அந்த அனுபவம் காகிதத்தில் இருக்காது. பாண்ட் எழுதி வாங்கி ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பூட்டி வைக்கிற இடத்துக்கும் போக வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

சிஸ்டர் விட்டுப்போன ஒன்று. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் என்று பாருங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு என்றால், அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, இந்த வருஷத்துக்கு இணைப்பு உண்டா என்று அவர்கள் தளத்தில் சரிபார்க்கவும். கல்லூரிக்கு இணைப்பு இருக்கும், புதிதாகத் தொடங்கிய படிப்புக்கு இருக்காது. தொலைதூரக் கல்வியில் துணை மருத்துவப் பட்டம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் வருஷ மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்த 2025-லிருந்து யுஜிசி தடை போட்டிருக்கிறது. பட்டம் அளவில் பதிவு பெற அந்தச் சட்டம் 3,600 மணி நேரப் படிப்பு கேட்கிறது, அது வீட்டிலிருந்து ஆகிற காரியமும் இல்லை.

அரியர் விழுந்தால் இன்டர்ன்ஷிப் தள்ளிப்போகும். ஆறு மாதம் தள்ளினால் ஆறு மாதச் சம்பளம் போச்சு, ஹாஸ்டல் செலவும் கூடும். தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் வருஷ அனாட்டமி, பயோகெமிஸ்ட்ரிதான் இடறுகிற இடம். தேர்ச்சி 50 சதவீதம், பள்ளி மாதிரி 35 இல்லை.

நாகலூரான்

கடைசியாக ஒன்று. கவுன்சலிங்கில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் கல்லூரி கிடைக்காமல் தர்மபுரியோ நாமக்கல்லோ வந்தால்? அம்மா தூரம் என்கிறார்.

கேத்லேப் கதவு

எடுத்துக்குங்க. அரசு மருத்துவக் கல்லூரின்னா கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான், நோயாளிக் கூட்டமும் நிறைய, கை நல்லாப் பழகும். தர்மபுரி, நாமக்கல் ரெண்டுக்கும் சேலம் புது பஸ் ஸ்டாண்டுல எப்பவும் பஸ் இருக்கு.

சாய்ஸ் போடறப்ப ஊரை முதல்ல வெச்சு அடுக்காதீங்க. முதல்ல எல்லா அரசுக் கல்லூரி நர்சிங், அப்புறம் அரசுக் கல்லூரி டயாலிசிஸ், லேப், ரேடியாலஜி, கார்டியாக். அதுக்கு அப்புறம்தான் தனியார் கல்லூரியில அரசு ஒதுக்கீட்டு சீட். பத்தோட நிறுத்தாதீங்க, பிடிக்கிற எல்லாத்தையும் போடுங்க. பிடிக்காததைப் போடாதீங்க, அது கிடைச்சுட்டா அடுத்த சுற்றுல சிக்கல். லாக் பண்ணினதும் பிரின்ட் எடுத்து வெச்சுக்குங்க. மலையில சிக்னல் பாதியில போயிடும், கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காம டவுனுக்கு இறங்கி வந்து போட்டுடுங்க.